சீலனுக்குத் திறந்த கதவு

அந்தக் காலையில் எங்கள் வீட்டு கிரில் கேட்டின் பூட்டைத் திறந்து, சங்கிலியோடு கழற்றி எடுத்து, சமையல் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். தை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பனியின் குளிர்ச்சி மிச்சமிருந்தது. விரல்களில் இரும்பு வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

என் மகன் ஜெயசீலன் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வளர்ந்த பிள்ளை, அப்பாவை விட உயரம். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

"எங்கம்மா போவணும்?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் திறக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"எங்கயும் இல்லப்பா. தொறந்தே கெடக்கட்டும்."

கேட்டுக்கு அருகே வந்தான். ஆனால் வெளியே கால் வைக்கவில்லை. தெருவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். அன்று முழுவதும் அவன் வெளியே போகவே இல்லை.

இந்தத் தொடரில் போன இதழில் எழுதிய எங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகக் கூத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க எதுவும் இல்லை. இதை எழுத வேண்டுமா என்று நிறைய யோசித்தேன். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால், இந்தத் தொடரே பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

கையெழுத்து மட்டும் போதும்

கள்ளக்குறிச்சியில் நான் தமிழாசிரியை. என் கணவர் ஆசீர்வாதம் சர்க்கரை ஆலையில், கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். எங்கள் சபையில் மூப்பரும் அவர்தான். அரவை நடக்கும் மாதங்களில் அவர் சட்டையில் வெல்லப்பாகு வாசனை வரும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. சீலன் எங்களுக்கு ஒரே பிள்ளை.

காலையும் மாலையும் குடும்ப ஜெபம் தவறாத வீடு எங்களுடையது. நான் நன்றாக ஜெபிப்பேன் என்று சபையில் சொல்வார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், அது ஜெபமே இல்லை. எது நடக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துவிடுவேன். ஆண்டவரிடம் கையெழுத்து மட்டும் கேட்பேன். சீலன் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி, என்ன வேலை, எப்படிப்பட்ட மருமகள், எல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. அவரும் பல வருஷம் மறுக்காமல் போட்டுக் கொடுத்தார்.

திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வருஷம், நடுவில் ஒருநாள், சீலன் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். விடுதியில் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னான். பரீட்சை பயம் என்று நான் முடிவு கட்டினேன். ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.

"அம்மா, ஃபேன நிறுத்துங்களேன். எம் பேரச் சொல்லிக்கினே சுத்துது."

ஃபேனை நிறுத்தினேன். வியர்வை வழிய அவன் சாப்பிட்டு முடித்தான். அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரைகள் எழுதினார். அவை ஃபேனின் வாயை அடைத்தன. ஆனால் சீலனின் நாக்கும் கனத்துப்போனது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். உபவாச ஜெபம் செய்கிற ஒரு அம்மாள் வந்து, இது வியாதி இல்லை, வேறு ஏதோ புகுந்திருக்கிறது, கட்டிப்போட்டு ஜெபிக்க வேண்டும் என்றார். என் கணவர் எழுந்து நின்றார். "அம்மா, காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

சாவி அம்மாகிட்ட

ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். திருக்கோவிலூரில் பெண்ணையாற்று மணலில் உட்கார்ந்திருந்தவனைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லியனுப்பினார். கள்ளக்குறிச்சியிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே போயிருக்கிறான். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"சும்மா நடந்துக்கினே இருந்தேம்மா. நடந்தா தலைக்குள்ள சத்தம் கம்மியாவுது" என்றான்.

மறுநாளே பூட்டு வாங்கினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் ஆலைக்குப் போகும் நேரம் நான் வீட்டில், நான் பள்ளிக்குப் போகும் நேரம் அவர் வீட்டில் என்று அவர் ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டார். சீலன் சண்டை போடவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்ப்பான். ஒரே ஒரு முறை கேட்டான்: "அம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"



ஒருநாள் மாலை எங்கள் போதகர் வந்தார். நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சீலனின் குரல் கேட்டது.

"ஐயா, உள்ள வாங்கன்னு சொல்லணும். ஆனா சாவி அம்மாகிட்ட கீது. கொஞ்சம் நில்லுங்க."

அத்தனை மரியாதையாகச் சொன்னான். துணிகளோடு அங்கேயே நின்றுவிட்டேன். என் பிள்ளை தன் வீட்டுக்கு வந்தவரைக் கம்பிக்குப் பின்னால் நின்று வரவேற்கிறான்.

போதகர் போகும்போது என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். நல்ல மனிதர். வயதில் என்னைவிடச் சிறியவர்.

"டீச்சர், இந்தப் புள்ளய நீங்க ஆண்டவர் கையில குடுக்கவே இல்ல. குடுத்துட்டேன்னு சொல்லிக்கினு நீங்களே புடிச்சிக்கினு இருக்கீங்க."

"கைய விட்டா அவன் எங்கனா போயிடுவான், ஐயா."

"போவலாம். போவ மாட்டான்னு நான் சொல்லல" என்றார்.

அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை இல்லாதவர் என்று மனசுக்குள் கடுமையாக நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் சொல் வரவில்லை. மண்டியிட்டால் இடுப்பில் சாவி குத்தும். பல வாரம் ஆண்டவரோடு மல்லுக்கு நின்றேன். விழுப்புரம் டாக்டரும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அடைத்துவைக்க வேண்டியதில்லை, அடைப்பதுதான் கெடுதல் என்றார். கடைசியில் ஒருநாள் என் கணவரிடம் சொன்னேன்.

"பூட்ட எடுத்துடலாங்க. எம் பலத்துல இருந்தது போதும்."

அவர் என் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு, "உனக்கு இருக்கற விசுவாசம் எனக்கு இல்ல. ஆனா எடு" என்றார்.

திறந்திருந்த மாதங்கள்

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சீலன் தெருமுனை வரை போய்த் திரும்பினான். அதற்கப்புறம் கோயில் வரை. சர்ச்சுக்கு நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே போய் பெஞ்சுகளைத் துடைப்பான். தனியாகப் பாடுவான். நாக்கு கனத்திருந்தாலும் பாட்டு மட்டும் சுத்தமாக வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான்.

அவன் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ இளகும். வகுப்பில் பாடம் நடத்தும்போது பயம் வரும். "அவன் உம்முடையவன்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவேன். அப்படி ஒரு நாளில் எத்தனையோ தடவை. ஆண்டவரை நம்புவது என்றால் ஒரே தடவை செய்து முடிக்கிற காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். காலையில் ஒப்படைத்தவனை மத்தியானத்துக்குள் பிடுங்கிக்கொள்வேன். திரும்பவும் கொடுப்பேன்.

அந்த வருஷம் கோடையில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாவும் பிள்ளையும் மாம்பழம் தின்றுவிட்டு யார் முகத்தில் அதிகம் சாறு என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். சபையில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். ஒப்புக்கொடுத்தேன், ஆண்டவர் நடத்தினார் என்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்த ஒருநாள், சீலன் சாப்பாட்டுக்கு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் சொன்னார், "சர்ச்சு தம்பிதானே? வெள்ளிமல வண்டில ஏறுச்சுங்க. மூஞ்சி நல்லாதான் இருந்துது. மலையப் பாத்துட்டு வரேன்னு சொல்லிச்சி."

மலை

மறுநாள் முதல் வண்டியில் போனோம். மேலே ஏற ஏற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வளைவுகளில் வண்டி திணறும்போது டீசல் நெடி உள்ளே ஏறியது. வெள்ளிமலையில் கடை கடையாகக் கேட்டோம். பிறகு ஜீப் பிடித்து ஊர் ஊராகப் போனோம்.

ஒரு வீட்டில் சின்னப்பொண்ணு என்ற பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போட்டோவை நீட்டியதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தத் தம்பியா? ஐயோ, நேத்து ராத்திரி இங்கதாம்மா படுத்துச்சி. மழையில நனஞ்சிக்கினு வந்துச்சி. கூழு குடுத்தேன், குடிச்சிச்சி. சாமையில கல்லு பொறுக்கிக் குடுத்துச்சி. பாடிக்கினே இருந்துச்சி."

"இப்ப எங்கம்மா?"

"விடிஞ்சதும் எழுந்து, இந்தப் பாத எதுவரைக்கும் போவும்னு கேட்டுச்சி. அது போய்க்கினே இருக்கும்னு சொன்னேன். கெளம்பிடுச்சி." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதப்பான்னு சொன்னேம்மா. வளந்த புள்ளய நான் எப்பிடிம்மா கட்டிப் போட முடியும்?"

அந்தப் பாதையில் நடந்தோம். மழை அடிச்சுவடுகளை அழித்திருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறி அக்கரைக்கு வழி இல்லை. சீலா, சீலா என்று அவர் கத்தினார். மலை அதை வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

திரும்பும் பஸ்ஸில், கீழே ஊர் தெரியத் தொடங்கியபோது, அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"தொறந்தது நீதான்."

அதற்குப் பிறகு வாழ்நாளில் அவர் அதைச் சொன்னதில்லை. ஒருமுறை சொன்னதே போதுமாக இருந்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளிமலைக்குப் போனோம். வெயிலிலும் பனியிலும் போனோம். கண்டக்டர்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுப்பார்கள். எதுவும் கேட்க மாட்டார்கள். சின்னப்பொண்ணு எங்களுக்குச் சோறு எடுத்துவைத்திருப்பாள். வேறு யாரும் சீலனைப் பார்க்கவில்லை.

அவர் மூப்பர் பொறுப்பை விட்டார். கோயிலுக்கு வருவதையும் விட்டார். வீட்டில் ஜெபம் நின்றது. நான் மட்டும் சமையலறையில் முணுமுணுப்பேன். "நீர் நடத்துவீர் என்றுதானே திறந்தேன்" என்பேன். அவ்வளவுதான் வரும். பதில் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு வந்த பதில் என்று ஒன்றை உங்களிடம் சொல்ல முடியாது. வேதப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். சாட்சி சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்கள், இப்போது என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள்.

கோமுகி அணைப் பக்கம்

மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற வழியில், கோமுகி அணைக்கு மேலே, ஒரு பிணம் ஒதுங்கியிருப்பதாக ஒரு போலீஸ்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். அடுத்த வருஷத்து மழைக்காலம் அது. இளம் வயது ஆண் என்றார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரும் ஆலையிலிருந்து வந்துவிட்டார்.

முகத்தில் எதுவும் மிச்சமில்லை. உயரம் சீலனின் உயரம்தான். அவர் குனிந்து, போர்த்தியிருந்த துணியை விலக்கி, வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. ஒரு தேள். பழைய பச்சை, சின்ன வயதில் குத்தியது.

"நம்ம புள்ள இல்ல" என்றார்.

வெளியே புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மருந்து நெடி முந்தானையில் ஏறியிருந்தது. யாரோ ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் அவர். "அவனா இருந்தா தேவலன்னு நெனச்சிட்டேன்."

"நானுந்தாங்க" என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியிருக்கவில்லை. அன்று பார்த்தோம். பெற்ற பிள்ளை பிணமாகக் கிடைத்தால் போதும் என்ற இடத்துக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்திருந்தோம். அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

உள்ளே கிடந்தவனைத் தேடி யாரும் வரவில்லை. சில நாள் பார்த்துவிட்டு, நகராட்சியில் சொல்லிப் புதைத்துவிடுவோம் என்றார் போலீஸ்காரர். என் கணவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரும் வரலன்னா எங்ககிட்ட குடுங்க. நாங்க எடுத்துக்கறோம்."

சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். "இன்னா மதமோ, எந்த ஊரோ, நம்ம கல்லறைத் தோட்டத்துலயா?" என்று ஒருவர் கேட்டார். என் கணவர் வாதாடவில்லை. "எங்க குடும்ப எடத்துல எம் புள்ளைக்குன்னு வெச்சத இவனுக்குக் குடுக்கறேன்" என்றார்.

யாரும் வரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலைக் கொடுத்தார்கள். தூறலில் அடக்கம் நடந்தது. ஐந்தாறு பேர்தான் இருந்தோம். அந்தப் போலீஸ்காரரும் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழியருகே போதகர் தயங்கினார்.

"பேர் இன்னான்னு சொல்லட்டும்?"

எங்களுக்குத் தெரியவில்லை. பேர் இல்லாமலே ஜெபித்தார். ஈர மண்ணைக் கையில் அள்ளியபோது, எங்கோ ஒரு வீட்டில் இவனுக்காக ஒருத்தி காத்திருப்பாள் என்று நினைத்தேன். அந்தத் தேளைப் பச்சை குத்தும்போது அவன் அழுதது அவளுக்கு ஞாபகம் இருக்கும். என் பிள்ளைக்கும் எங்கேயோ யாரோ ஒரு வாய் சோறோ, ஒரு பிடி மண்ணோ போட்டிருக்கட்டும் என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது நான் எதையும் தீர்மானித்து வைத்திருக்கவில்லை. தீர்மானிக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சனிக்கிழமை

சீலன் வரவில்லை. என் கணவர் போய்ச் சேர்ந்தே வருஷங்கள் ஆகின்றன. அவர் கண்ணை மூடும்வரை வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரையும் வரவில்லை. கதவைத் திறந்தது சரியா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எனக்குத் தெரியாது. ஆண்டவர் நடத்தினாரா, கைவிட்டாரா, அதுவும் தெரியாது. தெரியாமலேதான் தினமும் முழங்கால் போடுகிறேன். ஆறுதல் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அடக்கம் முடிந்த வாரத்தின் சனிக்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டோம். நான் இட்லி வேகவைத்து டிபன் பாக்ஸில் கட்டினேன். அவர் குளித்து, வேட்டி மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் வந்தது. பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வண்டி போயிடுங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு தரையில் மண்டியிட்டார். சீலன் போனதிலிருந்து அவர் மண்டியிட்டதில்லை. நானும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

சபையில் ஜெபிக்கும்போது 'தேவரீர்' என்று தொடங்கி, ஓர் எழுத்துப் பிசகாமல் ஜெபிக்கிறவர் அவர். அன்று அந்த மொழி அவருக்கு வரவில்லை. அசதியாக வீடு திரும்பியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ஆண்டவரே, எங்களால முடியல. இன்னிக்கு நாங்க வரல. நீங்க போய்ப் பாருங்க."